படுக்கையோர நாற்காலி: மார்பகப் புற்றுநோய்ப் பிரிவில் ஆன்மிகத் துணையாளர் ஆவது எப்படி?

"மேடம், பழநிக்கு முடி நேர்ந்திருக்கேன். கீமோ போட்டா முடி கொட்டிடும்னு சிஸ்டர் சொல்றாங்க. இங்கேயே கொட்டிட்டா முருகனுக்கு நான் என்னத்தைக் குடுக்க?"

கேட்டவர் திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். வயது 46. இடது மார்பில் கட்டி. பத்து நாளில் முதல் கீமோ. மருத்துவர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டார். காப்பீட்டுத் திட்ட வேலை முடிந்துவிட்டது. கணவர் லீவு போட்டுவிட்டார். ஆனாலும் ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று கேட்டால், "யோசிச்சுச் சொல்றேன்" என்ற ஒரே பதில். மூன்றாவது நாள் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் இதைக் கேட்டார்.

மருத்துவரிடம் கேட்க அவருக்குக் கூச்சம். வீட்டில் சொன்னால் "உசுரு பெருசா, முடி பெருசா?" என்று அதட்டுவார்கள். நான் அவரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். கீமோவுக்கு முன்பே பழநி போய் வரலாமா என்று கேட்டேன். "தாராளமா. கவுன்ட் நல்லா இருக்கு. தலையில வெட்டுக்காயம் படாம எடுக்கச் சொல்லுங்க" என்றார். இரண்டு வரி, அவ்வளவுதான். நான்கு நாள் கழித்துத் தலை நிறையச் சந்தனத்தோடு வந்தார். உட்காருவதற்கு முன்பே, "அந்தப் பேப்பரைக் குடுங்க" என்றார்.

முதல் கீமோ முடிந்து இரண்டு, மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். அன்றைக்குப் பக்கத்து நாற்காலிப் பெண்கள் சீப்பைப் பார்த்து அழுவார்கள். இவருக்கு அந்த அழுகை இல்லாமல் போனது. நோய் பறிப்பதற்கு முன்பே அவர் முடியைத் தன் கையால் கொடுத்துவிட்டார்.

இந்த வேலையின் சாரம் இதுதான். ஒரு பெண் ஏற்கெனவே எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று கண்டுபிடிக்க வேண்டும். சிகிச்சைக்கு இடைஞ்சல் வராமல் அந்தப் பிடி நழுவாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் மருத்துவச் சமூகப் பணியாளராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இதற்குப் பக்தி மட்டும் போதாது, படிப்பு மட்டும் போதாது. பழக வேண்டிய தொழில் இது. இதற்கு வர நினைப்பவர்களுக்கு ஒரு வரைபடம் இங்கே.

வேலை என்ன?

இந்தியப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். 2022இல் மட்டும் சுமார் 1,92,000 பேருக்குப் புதிதாக வந்திருக்கிறது என்பது குளோபோகான் என்ற உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரத்தின் மதிப்பீடு. சிகிச்சை நீண்டது. கீமோ பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை, பல சுற்று. பிறகு, அல்லது அதற்கு முன்பே, அறுவைச் சிகிச்சை. அடுத்து, நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்கிறார்களே, அந்த ரேடியேஷன். வாரம் 5 நாள் வீதம் சில வாரங்கள். ஹார்மோன் மாத்திரை தேவைப்பட்டால் 5 முதல் 10 ஆண்டு.

இத்தனை நாளும் உடம்பைப் பார்க்க ஆள் உண்டு. "எனக்கு ஏன் வந்தது? இனி நான் யார்? புருஷன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? சாமி என்னைக் கைவிட்டுட்டாரா?" என்ற கேள்விகளைப் பார்க்க ஆள் இல்லை. அவற்றோடு உட்காருவதுதான் ஆன்மிகத் துணை.

ஆன்மிகம் என்றால் மதம் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். ஒருவருக்கு அது வேளாங்கண்ணி. ஒருவருக்குத் தொழுகை. ஒருவருக்கு மகளின் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற உறுதி. கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு வங்கி ஊழியர், மொட்டை மாடியில் தான் வளர்க்கும் செடிகளைப் பற்றி மட்டுமே என்னிடம் பேசினார். அவருக்குப் பிடி அதுதான்.

இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது?

லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகு மருத்துவச் சமூகப் பணியாளர், கடைசியில் மருத்துவர். 1967இல் இறுதிக்கால நோயாளிகளுக்காகச் செயின்ட் கிறிஸ்டோஃபர் காப்பகத்தைத் தொடங்கினார். சாகும் தறுவாயில் இருக்கும் நோயாளியின் வலி உடம்போடு நிற்பதில்லை; மனம், குடும்பம், பணம், ஆன்மா எல்லாம் சேர்ந்ததுதான் "முழு வலி" என்று அவர் சொன்னார். அந்தப் பார்வையை 2002இல் உலக சுகாதார நிறுவனமும் வலி தணிப்புச் சிகிச்சையின் இலக்கணத்தில் சேர்த்தது.

நம் ஊரில் இந்த வரலாறு ஒரு தங்கையின் மரணத்தில் தொடங்குகிறது. புற்றுநோயில் தங்கையை இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அங்கே நோயாளிகளின் மனநலத்துக்கென்று தனித்துறை இருக்கிறது.

"இதனால் பயன் உண்டா?" என்று நேர்முகத் தேர்விலும் கேட்பார்கள், நோயாளியின் வீட்டாரும் கேட்பார்கள். நேர்மையான பதிலைக் கையில் வைத்திருங்கள். ஈரானில் இஸ்ஃபஹான் நகரில் ரேடியேஷன் எடுத்துக்கொண்டிருந்த 65 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. 6 வாரம் ஆன்மிகக் குழு அமர்வில் கலந்துகொண்டவர்களுக்கு அமைதியும் வாழ்க்கைக்குப் பொருள் உண்டு என்ற உணர்வும் மற்றவர்களைவிடக் கூடியிருந்தன. முடிவு 2013இல் வெளியானது. அமெரிக்காவில் முற்றிய புற்றுநோய் வந்த 230 பேரிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. தங்கள் ஆன்மிகத் தேவைகளை மருத்துவ அமைப்பு கொஞ்சம்தான் கவனித்தது, அல்லது கவனிக்கவே இல்லை என்று 72 சதவீதம் பேர் அதில் சொன்னார்கள். இவை மன அமைதியை அளந்த ஆய்வுகள். கட்டியை அளந்தவை இல்லை. "இது கட்டியைக் கரைக்காது. கட்டியோடு போராடுகிறவரைத் தாங்கும்." இதற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்லாதீர்கள்.

முதல் சந்திப்பு: நான்கு கேள்வி

அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996இல் உருவாக்கிய ஒரு கேள்வி முறை உலகெங்கும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. நான்கே படி: நம்பிக்கை, அதன் முக்கியத்துவம், கூட இருப்பவர்கள், நாம் செய்ய வேண்டியது. வார்டில் நான் கேட்பது இப்படி:

1. "மனசு ரொம்பத் தளர்ந்துபோனா எதைப் பிடிச்சுக்குவீங்க, அக்கா?"
2. "வைத்தியம் சம்பந்தமா முடிவு எடுக்கும்போது அது எவ்வளவு முக்கியம்?"
3. "கூட யாரெல்லாம் இருக்காங்க? கோயில், பள்ளிவாசல், சர்ச், தெருவுல யாராவது?"
4. "இதுல நாங்க ஏதாவது செய்யணுமா?"

முதல் கேள்விக்கு "ஒண்ணும் இல்லை" என்று பதில் வந்தால் அடுத்ததற்கு அவசரப்படாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பாதிப் பேர் அந்த அமைதிக்குப் பிறகுதான் பேசத் தொடங்குவார்கள்.

பழக வேண்டிய சின்ன விஷயங்கள்:

- நின்றுகொண்டு பேசாதீர்கள். நாற்காலியைப் படுக்கைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். ஆபரேஷன் செய்த பக்கம் உட்காராமல் மறுபக்கம் உட்காருங்கள். அவர் திரும்பிப் படுக்க வேண்டியிருக்காது.
- கீமோ ஏறும்போது வாந்தி வந்தால் பேச்சை நிறுத்துங்கள். "நாளைக்கு வர்றேன்" என்று சொன்னால் நாளைக்குப் போங்கள்.
- மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்தால் பல பெண்கள் பேச மாட்டார்கள். "நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க அண்ணா" என்று பணிவாக அனுப்பக் கற்றுக்கொள்ளுங்கள்.
- அவர் சொன்ன சொல்லையே நீங்களும் பயன்படுத்துங்கள். அவர் "கட்டி" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் "கேன்சர்" என்று சொல்ல வேண்டாம். அவருக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"நான் என்ன பாவம் செஞ்சேன்?"

இந்தக் கேள்விக்கு நான் முதன்முதலில் சொன்ன பதில் தவறு. அதை மறைக்க விரும்பவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் இதைக் கேட்டார். மடியில் ஒன்றரை வயதுக் குழந்தை. "கடவுள் இருக்கார்மா, எல்லாம் சரியாகிடும்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இவ்வளவு நாள் எங்க இருந்தாராம்?" என்றார். அதன்பின் என்னோடு பேசவில்லை. நான் ஆறுதல் சொன்னதாக நினைத்தேன். உண்மையில், அவருடைய அழுகையைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால் அதை மூடப் பார்த்தேன். அது அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் கசப்பை ஆய்வுலகமும் கவனித்திருக்கிறது. உளவியலாளர் கென்னத் பார்கமென்ட், மதத்தைக் கொண்டு துன்பத்தைச் சமாளிக்கும் வழிகளை இரண்டாகப் பிரித்தார். "கடவுள் என்னோடு இருக்கிறார்" என்பது தாங்கும் வழி. "கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டார்" என்பது நோகடிக்கும் வழி. இரண்டாவதில் சிக்கியவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகத் தென்படுகிறது. அதாவது, நம்பிக்கை மருந்தும் ஆகலாம், காயமும் ஆகலாம். எது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

இன்று நான் சொல்வது இது: "அப்படித் தோணுதா, அக்கா? எதை நினைச்சு அப்படித் தோணுது?" பெரும்பாலும் அதற்குக் கீழே ஒரு குறிப்பான விஷயம் இருக்கும். யாரோ சாபம் விட்டது. கலைந்துபோன கரு. தாயைக் கடைசியாகப் பார்க்கப் போகாதது. நாலு பேர் காதில் விழும்படி நாத்தனார் சொன்ன ஒரு சொல். அதைச் சொல்லி முடித்தாலே பாதி பாரம் இறங்கும். மீதிக்கு மருத்துவத் தகவல் தேவை: மார்பகப் புற்றுநோய் தொற்றாது. அடிபட்டதால் வருவதில்லை. பால் கொடுத்ததால் வருவதில்லை. தாய்ப்பால் கொடுப்பது அந்த அபாயத்தைக் குறைக்கவே செய்கிறது. பரம்பரையாக வரும் மரபணு மாற்றம் சிறு பங்கினருக்கே காரணம். வயது, ஹார்மோன் என்று பல காரணங்கள் சேர்ந்துதான் வருகிறது. இதை மருத்துவர் வாயால் சொல்ல வையுங்கள். உங்கள் வாயைவிட அதற்கு எடை அதிகம்.

நேர்த்திக்கடனும் மருத்துவமும்

"அதெல்லாம் மூடநம்பிக்கை, விட்டுடுங்க" என்று சொன்னால் அந்தப் பெண் அதை விட மாட்டார்; உங்களிடம் சொல்வதைத்தான் விடுவார். தடுப்பதைவிட வழி காட்டுவது பாதுகாப்பு. மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயங்கள் இவை:

மொட்டை: முதல் கீமோவுக்கு முன் நல்லது. கீமோ தொடங்கிய பின் வெள்ளை அணு குறைந்திருக்கும் நாளில் சவரக்கத்தி வேண்டாம். ஒரு கீறல்கூடத் தொற்றாகலாம்.

தேர், திருவிழா, அன்னதானம்: ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை வெள்ளை அணு பெரும்பாலும் அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் கூட்டமும் வெளிச்சாப்பாடும் கூடாது. தீர்த்தம், காய்ச்சாத அபிஷேகப் பால் இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொள்வதோடு நிறுத்தச் சொல்லுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும். பூஜை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கிரிவலம், தீமிதி, அங்கப்பிரதட்சணம்: சில கீமோ மருந்துகள் உள்ளங்காலை மரத்துப்போகச் செய்யும். சுடுவதும் குத்துவதும் தெரியாது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்துவிட்டு, கொப்புளத்தை வீட்டுக்கு வந்துதான் கவனிப்பார்கள். சிகிச்சை முடியும் வரை வேண்டுதலைத் தள்ளிவைக்கலாமா என்று அவர் நம்பும் பூசாரியிடமே கேட்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து எந்தப் பூசாரியும் மறுத்ததில்லை.

கையில் கட்டும் கயிறு: அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கையில் இறுக்கமான கயிறு, காப்பு, வளையல் வேண்டாம். அந்தக் கைக்கு வீக்கம் வரும் அபாயம் உண்டு. மந்திரித்த கயிறாக இருந்தால் மறுகையில் கட்டிக்கொள்ளலாம்.

சந்தனம், திருநீறு, மஞ்சள்: ரேடியேஷன் படும் தோலில் கேட்காமல் எதையும் பூசக் கூடாது. நெற்றியில் தாராளமாக இட்டுக்கொள்ளலாம்.

தாலி: எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் போகக் கூடாது. ஆபரேஷனுக்கும் கழற்றச் சொல்வார்கள். கழற்றும் அந்த நிமிடத்தில் நடுங்கிப்போகும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். "கழட்டுங்க, கழட்டுங்க" என்று வாசலில் நின்று அவசரப்படுத்துவதற்குப் பதில், முதல் நாளே பேசிவிடுங்கள். விரலி மஞ்சளைக் கோத்த மஞ்சள் கயிற்றில் உலோகம் இல்லை. அதை அணிந்து உள்ளே போகலாமா என்று ஸ்கேன் அறையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தங்கத்தை யார் கையில் கொடுப்பது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

நோன்பு, அருட்சாதனம்: நோயுற்றவர்களுக்கு ரமலான் நோன்பில் இஸ்லாம் விலக்கு அளிக்கிறது. இதை நீங்கள் சொல்வதைவிட அவருடைய ஜமாஅத் இமாம் சொன்னால் மனம் ஏற்கும். கத்தோலிக்கப் பெண்களுக்கு நோயில் பூசுதல் என்ற அருட்சாதனம் இருக்கிறது. அது சாவுக்கு மட்டும் உரியது என்று பயப்படுவார்கள். பங்குத்தந்தையை வரவழைத்து விளக்கச் சொல்லுங்கள்.

நாட்டு மருந்து, லேகியம்: எதுவானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒளித்துச் சாப்பிடுவதுதான் ஆபத்து.

அமர்வை எப்படி நடத்துவது?

கேட்பதற்கு அடுத்த கட்டம், பொருள் தேடுவது. நாஜி வதை முகாமிலிருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல், எந்த நிலையிலும் வாழ்க்கைக்கு ஒரு பொருளைக் கண்டுபிடிக்க மனிதனால் முடியும் என்றார். அதை அடித்தளமாக வைத்து நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் வில்லியம் பிரைட்பார்ட் புற்றுநோயாளிகளுக்கென்று ஒரு சிகிச்சை முறையை அமைத்தார். குழுவாக என்றால் 8 அமர்வு. பொருள் வரும் வழி நான்கு என்று அது சொல்கிறது: நாம் வந்த வழி, துன்பத்தை எதிர்கொள்ளும் விதம், நாம் செய்வது, நாம் ரசிப்பது.

இதைப் பாடமாக நடத்த வேண்டாம். நான்கு பேச்சாக மாற்றிக்கொள்ளுங்கள்:

- "உங்க அம்மாகிட்ட இருந்து உங்களுக்கு வந்த நல்ல குணம் எது?"
- "இதுக்கு முன்னாடி பெரிய கஷ்டம் வந்தப்போ எப்படிக் கடந்தீங்க?"
- "நீங்க இல்லைன்னா எந்த வேலை நின்னுபோகும்?"
- "நேத்து ஒரு நிமிஷமாவது மனசுக்கு நல்லா இருந்துச்சா? எப்போ?"

மூன்றாவது கேள்விக்குச் சத்துணவு அமைப்பாளர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "120 பிள்ளைங்க மேடம். முட்டையை எண்ணி எண்ணி வைப்பேன், ஒண்ணு குறையாது." அதன்பின் அவரோடு பேச எனக்கு வேறு விஷயம் தேவைப்படவில்லை. எப்போது வேலைக்குத் திரும்பலாம், ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கையை அடுப்புச் சூட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது, பாத்திரத்தை யாரைத் தூக்கச் சொல்வது என்று பேசினோம். அவருடைய பக்தியும் அவருடைய வேலையும் ஒரே இடத்தில் வேர் விட்டிருந்தன.

இங்கே ஒரு நடைமுறைப் பாடம். பணக் கவலையில் இருப்பவருக்குத் தியானம் சொல்லிக்கொடுப்பது கொடுமை. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு. இ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்ணுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நீண்டகால நோய்க்கான உதவியாகச் சம்பளத்தில் 80 சதவீதம் 2 ஆண்டு வரை கிடைக்கலாம். அந்த நோய்ப் பட்டியலில் புற்றுநோய் இருக்கிறது. ரயில் கட்டணத்தில் சலுகை இருக்கிறது. இந்தப் படிவங்களை நிரப்பத் தெரிந்த ஆன்மிகத் துணையாளருக்குத்தான் வார்டில் மரியாதை. படிவம் நிரப்பும் அந்த அரை மணி நேரத்தில்தான் பெண்கள் மனம் திறப்பார்கள்.

தாண்டக் கூடாத கோடுகள்

- வாக்குக் கொடுக்காதீர்கள். "இந்தப் பிரார்த்தனையால் குணமாகும்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மந்திர மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது துரோகம்.
- உங்கள் மதத்தை எடுத்துப் போகாதீர்கள். உயிருக்குப் பயந்து படுத்திருப்பவரிடம் மதம் பேசுவது பலவீனத்தில் கை வைப்பது. அவர் கேட்டால் மட்டும், அவருடைய முறையில், கூட இருந்து வேண்டிக்கொள்ளலாம்.
- சிகிச்சையை நிறுத்தினால் சும்மா இருக்காதீர்கள். "சாமி உத்தரவு வரலை, கீமோ வேண்டாம்" என்றால் அன்றே மருத்துவருக்குத் தெரிய வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே நோயாளியிடமும் சொல்லிவிடுங்கள்.
- தற்கொலைப் பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வீட்டுக்குப் போனவர்களிடம் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கட்டும்.
- ரகசியம். அவர் சொன்னது கணவருக்கும் போகக் கூடாது, காபி நேரப் பேச்சுக்கும் வரக் கூடாது.

என்ன படிப்பது, எங்கே வேலை?

"ஆன்மிகச் சிகிச்சையாளர்" என்ற பெயரில் தமிழ்நாட்டில் விளம்பரம் வருவது அபூர்வம். மருத்துவச் சமூகப் பணியாளர், கவுன்சலர், பேஷன்ட் நேவிகேட்டர், சைக்கோ ஆன்காலஜி (புற்றுநோயாளர் மனநலம்), வலி தணிப்புக் குழு, சாப்ளின் (மருத்துவமனைக் குரு) என்ற பெயர்களில் தேடுங்கள். நோயாளிக்குச் சிகிச்சையில் வழி காட்டும் நேவிகேட்டர் என்ற முறையே மார்பகப் புற்றுநோயில்தான் பிறந்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழைப் பெண்கள் சிகிச்சைக்குத் தாமதமாக வருவதைக் கண்ட டாக்டர் ஹெரால்ட் ஃப்ரீமன் 1990இல் அதைத் தொடங்கினார்.

வரும் வழிகள்:

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை): 2 ஆண்டு. மருத்துவம், மனநலம் சார்ந்த சிறப்புப் பிரிவை எடுங்கள். களப்பணியைப் புற்றுநோய் மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். அதுதான் பிற்பாடு வேலை வாங்கித் தரும்.

உளவியல் முதுகலை: ஆற்றுப்படுத்தல் வேலைக்குப் போதும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பெயர்ப் பலகை வைக்க வேண்டுமானால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு கட்டாயம். பதிவில்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மருத்துவமனைக் குருத்துவம்: 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யில் சாப்ளின்களுக்கென்று தனித்துறை உண்டு. மேலை நாட்டில் 1925இல் அன்டன் பாய்சன் தொடங்கிவைத்த மருத்துவமனைக் குருத்துவப் பயிற்சியில் ஒரு அலகுக்கே 400 மணி நேரம். நோயாளியோடு உட்காரப் பழகுவதற்கு இத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

செவிலியர்கள்: உங்களுக்குக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. வலி தணிப்புச் சிகிச்சையில் சான்றிதழ்ப் பயிற்சி பெற்றால் அதே மருத்துவமனையில் இந்தப் பொறுப்பைக் கேட்கலாம்.

தொண்டர்கள்: கேரளத்தில் அக்கம்பக்கத்து மக்களே பயிற்சி பெற்று வீடு வீடாகப் போகும் வலி தணிப்பு இயக்கம் வளர்ந்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா பயிற்சிகளை நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே போய்ச் செய்யும் வலி தணிப்புப் பணி இருக்கிறது.

நேர்முகத் தேர்வில்

"உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?" என்று கேட்பார்கள். உண்டு என்றாலும் இல்லை என்றாலும் உண்மையைச் சொல்லுங்கள். உடனே, "என் நம்பிக்கை நோயாளியின் படுக்கைக்கு வராது" என்பதையும் சேருங்கள். "நோயாளி அழுதால் என்ன செய்வீர்கள்?" என்பது அடுத்த கேள்வி. "அழ விடுவேன், அங்கேயே இருப்பேன்" என்பது சரியான பதில். "மருத்துவரோடு கருத்து வேறுபட்டால்?" என்றும் கேட்பார்கள். நோயாளி முன்னால் விவாதிக்க மாட்டேன், அவருடைய கேள்வியை அவருக்காக எடுத்துப் போவேன் என்று சொல்லுங்கள். குறிப்பெழுதும் பழக்கத்தைக் காட்டுங்கள்: யாரைப் பார்த்தோம், எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், மருத்துவக் குழு செய்ய வேண்டியது என்ன. ஒருவருக்கு மூன்று வரி போதும். ஆனால் அந்த மூன்று வரி கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும்.

உங்களைக் காத்துக்கொள்ளுங்கள்

இந்த வேலையில் சிலர் இறந்துபோவார்கள். நேற்று உங்களுக்கு மிட்டாய் கொடுத்தவரின் படுக்கை இன்று விரிப்பு மாற்றிக் கிடக்கும். அன்று அழுவது பலவீனம் ஆகாது. அழவே வராமல் போவதுதான் எச்சரிக்கை. தூக்கம் கெடுவது, வார்டு வாசலில் கால் தயங்குவது, வீட்டில் சின்ன விஷயத்துக்குக் கோபம் வருவது, இவை வந்தால் மூத்தவர் ஒருவரிடம் பேசுங்கள். மாதம் ஒருமுறையாவது உங்கள் குறிப்புகளை எடுத்துக்கொண்டு உட்காரும் மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும். வேலைக்குச் சேரும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கோயிலையோ, பாட்டையோ, அதிகாலை நடையையோ வேலைக்காக விட்டுவிடாதீர்கள். மற்றவர் பிடியைக் காக்கும் உங்களுக்கும் ஒரு பிடி வேண்டும்.

முதல் மூன்று மாதத் திட்டம்

முதல் மாதம்: சிகிச்சையைப் படியுங்கள். கீமோ, ரேடியேஷன், ஹார்மோன் மாத்திரை, கை வீக்கம் ஆகிய நான்கையும் ஒரு பாட்டிக்குப் புரியும் தமிழில் சொல்லிப் பழகுங்கள். உங்கள் ஊரில் உள்ள பூசாரி, இமாம், பங்குத்தந்தை, போதகர் ஆகியோரை நேரில் பார்த்து, நோயாளிகளுக்காகக் கூப்பிட்டால் வருவார்களா என்று கேட்டு எண்ணை வாங்கி வையுங்கள்.

இரண்டாம் மாதம்: ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவில் வாரம் ஒரு நாள் தொண்டராகச் சேரக் கேளுங்கள். முதல் சில வாரம் படிவம் நிரப்புங்கள், லேப் வழி காட்டுங்கள், தண்ணீர் பிடித்துக்கொடுங்கள். பேச வேண்டாம்.

மூன்றாம் மாதம்: நான்கு கேள்வியை ஒருவரிடம், மூத்தவர் கூட இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும், நீங்கள் எத்தனை முறை குறுக்கே பேசினீர்கள் என்று எழுதுங்கள். அந்த எண்ணிக்கை வாராவாரம் குறைகிறதா என்று பாருங்கள்.

சத்துணவு அமைப்பாளருக்கு மூன்றாவது கீமோ அன்று, பக்கத்து நாற்காலியில் கல்லூரி வயதில் ஒரு மகளோடு ஒரு பெண் முதல் கீமோவுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். நீண்ட பின்னல். அதை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே இருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போடப் போனேன். அதற்குள் நம்மவர் தன் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு, "எந்தக் கோயில் உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டார். நான் நாற்காலியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன்.